ஃபேன் சுவிட்சைத் தொட்டால் படம் போகிறது

நேற்று ராத்திரி இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்றை முழுதாகப் பார்த்தோம். இடையில் ஹால் ஃபேனை வேண்டுமென்றே எட்டு முறை அணைத்துப் போட்டேன், புரொஜெக்டர் ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. ஒன்பதாவது தடவை எழுந்தபோது வீட்டுக்காரி, "என்னங்க, ஒண்ணு ஃபேனைப் போடுங்க, இல்லை ஊருக்குக் கிளம்புங்க" என்றாள். ஐந்து மாதப் போராட்டம், அவளுக்கு எங்கே தெரியும். சரி, தெரியும், அவள்தான் ஏணியைப் பிடித்தாள்.

புரொஜெக்டர் மேலே, படத்தையும் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் ஏவிஆர் ரிசீவர் கீழே, நடுவே பைப்புக்குள் எச்டிஎம்ஐ ஒயர். கோளாறு இரண்டு, நான் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இத்தனை மாதம்.

முதலாவது, வெள்ளைப் புள்ளிகள். இருட்டான காட்சியில் உப்பைத் தூவியது மாதிரி மின்னி மறையும். 4கே தரத்தில் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது மட்டும் வரும், 24-க்கு மாற்றினால் சுத்தமாக இருக்கும். இதை முதல் நாளே கவனித்துவிட்டு, அதன் அர்த்தத்தை மூன்றாவது வாரம்தான் புரிந்துகொண்டேன் என்பது வெட்கக்கேடு. 60-க்கு ஒயர் வினாடிக்கு 18 ஜிகாபிட் கடத்த வேண்டும், 24-க்கு ஏறத்தாழ அதில் பாதி போதும். பத்து மீட்டர் செம்பு ஒயர் பாதியைத் தாங்கியது, முழுசைத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது பாக்கெட்டில் '8கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அச்சடிப்பதற்குக் காசா பணமா. இனிமேல் நீளமான ஒயர் வாங்குகிறவர்கள் பாக்கெட்டை விட்டுவிட்டு, ஸ்கேன் செய்கிற 'பிரீமியம் ஹை ஸ்பீடு' ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் ஐந்து மீட்டருக்குள் இருந்தால்தான் செம்பு.

ஆக, ஏஓசி, அதாவது படத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் ஒயர். பன்னிரண்டு மீட்டர், தலை கழலும் வகை. எங்கள் பைப்பில் இரண்டு வளைவு இருக்கிறது, முழு எச்டிஎம்ஐ தலை இரண்டாவது வளைவில் சிக்கும் என்று பழைய ஒயரை உருவும்போதே தெரிந்துவிட்டது. பழைய ஒயரின் வாலில் நைலான் கயிற்றைக் கட்டி உருவினேன், கயிறு பைப்புக்குள் நின்றது. புது ஒயரின் நுனியில் கயிற்றைக் கட்டக் கூடாது. அரை அடி தள்ளி, மேல் உறையில் மூன்று சுற்றுச் சுற்றி, இன்சுலேஷன் டேப்பைப் பென்சில் சீவியது மாதிரி கூராக ஒட்ட வேண்டும். இழுவை உறைமேல் விழ வேண்டும், உள்ளே இருப்பது கண்ணாடி நார். வழுக்குவதற்கு முகப்பவுடர் போதும், எண்ணெய் வேண்டாம். ஒருவர் கீழே தள்ள, ஒருவர் மேலே இழுக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'ம்' சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னதெல்லாம் வேறு. நாற்பது நிமிடத்தில் மேலே வந்துவிட்டது.

படம் வரவில்லை.

ஏஓசி-க்குத் திசை உண்டு, படத்தை அனுப்பும் சோர்ஸ் முனை, வாங்கும் டிஸ்ப்ளே முனை. தரையில் போட்டுச் சோதித்தபோது சரியாகத்தான் மாட்டியிருந்தேன். ஆனால் திசையைச் சொல்லும் அம்புக்குறி கழற்றி வைத்த தலையில் இருந்தது. ஒயரிலேயே இருந்தது அரிசி அளவுக்கு ஓர் எழுத்து, அதன்மேல்தான் நான் டேப்பைச் சுற்றியிருந்தேன். மறுபடி உருவி, திருப்பி, இழுத்தோம். அந்த இரண்டாவது நாற்பது நிமிடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இழுப்பதற்கு முன்னால் இரண்டு முனையிலும் கலர் நூல் கட்டிவிடுங்கள்.

புள்ளிகள் போயின. இருட்டு போகவில்லை.

இதுதான் இரண்டாவது கோளாறு. திடீரென்று திரை கறுக்கும், மூன்று வினாடி கழித்துப் படம் திரும்ப வரும். அதுவரை இதையும் ஒயரின் தலையில்தான் போட்டிருந்தேன். கண்ணாடி நாரில் கரண்ட் எப்படி ஏறும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை எளிது: இந்த ஒயரில் படம் மட்டும்தான் கண்ணாடியில் போகிறது. 5 வோல்ட், 'ஒயர் மாட்டியாயிற்று' என்று சொல்லும் ஹாட் பிளக், படத்தை நகலெடுக்காமல் காக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் பக்கத்திலேயே செம்பில்தான் போகிறது. அதில் திடீர் மின் துடிப்பு ஒன்று தட்டினால் இரண்டு கருவியும் முதலிலிருந்து கைகுலுக்க ஆரம்பிக்கும், அந்த நேரம்தான் இருட்டு.

தட்டுவது யார்? ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். ஃபிரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, பூஜை அறை டியூப்லைட் எப்போதாவது. ஹால் ஃபேனை அணைத்தால் பத்துக்கு ஏழு தடவை. புரொஜெக்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் மேலே பார்த்தேன். ஃபேன் பாயிண்டுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து, ஃபேன் ஒயர் போகும் அதே பைப்பில்.

எச்டிஎம்ஐ-யைக் கழற்றிவிட்டுப் புரொஜெக்டரின் உலோகப் பாகத்துக்கும் ஸ்விட்ச் போர்டு எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். 108 வோல்ட். மூன்று பின் சாக்கெட்தான், எர்த்துக்கான பெரிய பின்னுக்குப் பின்னால் ஒயரே இல்லை. பயப்பட வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கு போடுவதால் வரும் கசிவு அது, தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஆனால் அந்தக் கசிவும் ஃபேன் சுவிட்சின் தட்டும் எங்கேயாவது இறங்க வேண்டுமே. என் ஏவிஆர் இரண்டு பின், செட்டாப் பாக்ஸ் இரண்டு பின். மிச்சம் இருந்த ஒரே வழி எச்டிஎம்ஐ ஒயரில் இருக்கும் செம்பு, ஏவிஆர், செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து கேபிள்காரர் ஒயர் வழியாகத் தெருக் கம்பம். என் ஹோம் தியேட்டருக்கு எர்த் தெருவில் இருந்தது!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ஃபேன் பாயிண்டுக்கு யார் சார் எர்த் கொடுக்கறாங்க? சாக்கெட்லயே நியூட்ரலை எர்த்துக்கு லூப் போட்டுடறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் புரொஜெக்டர் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும். யாராவது இந்த யோசனையைச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஃபேன் பைப்பில் பச்சை எர்த் ஒயருக்கு இடமில்லை. அதனால் அந்த வழியையே விட்டுவிட்டு, ஏவிஆர் இருக்கும் போர்டிலிருந்து உத்தரத்தை ஒட்டி கேசிங் (ஒயர் ஓடும் பிளாஸ்டிக் பட்டி) அடித்துத் தனியாக மூன்று ஒயர் இழுத்தோம். இப்போது மீட்டரில் 0.4 வோல்ட். அதன் பிறகுதான் நேற்றைய எட்டு முறை.

கேசிங்கின் மூடியான கேப்பிங்கை இன்னும் மூடவில்லை, பெயின்டும் அடிக்கவில்லை, அதற்குள் புதுத் தலைவலி ஒன்று. செட்டாப் பாக்ஸில் பாட்டு வைத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அதன் ஆடியோ இன்னும் பழைய சிவப்பு-வெள்ளை ஒயரில்தான் வருகிறது. கேபிள்காரர் ஒயரைப் பிடுங்கினால் முனகல் நிற்கிறது. வீட்டு எர்த்தும் தெரு எர்த்தும் இப்போது என் ஏவிஆர் வழியாகக் கை கோத்துக்கொண்டன, வேறென்ன. கேபிள் டிவி ஒயரில் மாட்டி இந்த எர்த் தொடர்பை மட்டும் அறுக்கும் கோஆக்ஸ் ஐசோலேட்டர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். டிஷ் வைத்திருப்பவர்கள் இதை வாங்காதீர்கள், மேலே டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி-க்குப் போகும் டிசி மின்சாரத்தை அது மறித்துவிடும். எனக்குக் கேபிள் என்பதால் பிரச்சினை இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குக் கறுப்பு மேட் பெயின்டும் ஐசோலேட்டரோடு சேர்த்தே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.