ஃப்ரிஞ்ச் அப்படியே, பின்முடி மட்டும் வளர: ஆறு மாதக் குறிப்பு

பின்னால் முடி வளர வேண்டும், முன்னால் நெற்றியில் விழும் ஃப்ரிஞ்ச் (வெட்டிவிட்ட முன்முடி) புருவத்தோடு நிற்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதில் கத்தரிக்கோல் வேலை கொஞ்சம்தான், வகிடு எடுப்பதே பெரிய வேலை. முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வளரும் என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃப்ரிஞ்சைத் தொட்டே ஆக வேண்டும். தொடும்போதெல்லாம் பக்கத்திலிருந்து நாலு முடி கூடுதலாக வந்து மாட்டினால், ஆறு மாதத்தில் காதோர முடியில் பாதி ஃப்ரிஞ்சாகிவிடும். வளர்க்க நினைத்ததே அதைத்தானே!

முதல் நாள்

சீப்பை உச்சந்தலையில் முன்பின்னாகப் படுக்க வைத்தால், தலை வளைந்து நெற்றிப் பக்கம் இறங்கும் இடத்தில் சீப்புக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழும். ஃப்ரிஞ்சுக்கான முடியை முக்கோணமாக வகிடெடுத்துப் பிரிக்க வேண்டும், அந்த முக்கோணத்தின் உச்சி இதுதான். பெரும்பாலும் முடிக்கோட்டிலிருந்து 4–5 செ.மீ. உள்ளே இருக்கும். அங்கிருந்து இரண்டு புருவ வளைவுகளுக்கும் நேர் மேலே வால் சீப்பால் கோடு போட வேண்டும். கண்ணின் வெளி ஓரத்தைத் தாண்டவே கூடாது. அதற்கப்பால் நெற்றிப்பொட்டில் முடி இயல்பாகவே மெலிவு. அதையும் வெட்டிவிட்டால் பக்கங்களில் வெறுமையாகத் தெரியும்.

உச்சி எவ்வளவு உள்ளே, மூலைகளுக்கு நடுவே எவ்வளவு அகலம் என்று இஞ்ச் டேப்பில் அளந்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த தடவை கண்மதிப்பை நம்ப வேண்டியதில்லை. மீதி முடியை இழுத்துக் கட்டிய பிறகு, காதுக்கு முன்னால் நழுவி வரும் குட்டி முடிகளுக்குத் தனியாக ஒரு கிளிப்.

வெட்டுவதற்கு 5.5 அங்குல முடிவெட்டும் கத்தரிக்கோலே சரி. காகிதக் கத்தரி முடியைத் தள்ளிக்கொண்டே வெட்டுவதால் கோடு சாயும், நசுங்கிய நுனி சீக்கிரம் பிளக்கும்.

3-வது வாரம்

உலர்ந்த முடியில்தான் வெட்ட வேண்டும். நனைந்தால் நீண்டு, காய்ந்தால் ஏறிக்கொள்ளும். நேரான முடியில் அரை செ.மீ. போனாலே நெற்றியில் அப்பட்டமாகத் தெரியும், சுருட்டை முடி 2–3 செ.மீ. கூட ஏறும். அதனால் சுருட்டைக்குச் சுருள் விழுந்த நிலையிலேயே ஒவ்வொரு சுருளாக எடுப்பதுதான் பாதுகாப்பு.

முகம் நேராக, புருவம் தளர்வாக இருக்கட்டும். கண்ணாடியைப் பார்த்ததும் புருவம் தன்னால் தூக்கும். அதை அளவாக வைத்து வெட்டினால், இறக்கியதும் ஃப்ரிஞ்ச் குட்டையாகிவிடும். விரலால் இறுக்கி இழுக்காமல், சீவி விட்டு அது விழுந்த இடத்திலேயே வெட்ட வேண்டும். நெற்றியில் சுழி உள்ளவர்களுக்கு இது கட்டாயம். இழுத்து வெட்டினால் சுழிப் பக்கம் மட்டும் தூக்கிக்கொள்ளும்.

கத்தரியைச் செங்குத்தாக, முனை மேல்நோக்க, 3–5 மி.மீ. மட்டும் உள்ளே விட வேண்டும். கட்டைவிரல் மட்டும் அசையட்டும். வேண்டிய அளவுக்கு 5 மி.மீ. கீழேயே முதல் சுற்றை நிறுத்தி, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போவது நல்லது. மூன்று வாரத்தில் வளர்ந்திருப்பதே 7–9 மி.மீ.தான், அதற்கு மேல் கீழே விழுந்தால் ஏதோ தப்பு.

முடியை முறுக்கி ஒரே வெட்டாக வெட்டும் முறையையும் பார்த்தாயிற்று. முறுக்கின் வெளிச்சுற்றில் வரும் முடி அதிக தூரம் சுற்றி வருவதால் நீளமாக மிஞ்சுகிறது, பிரித்தால் படிப்படியாக நிற்கிறது. அடர்த்தியான முடிக்கு ஒத்துவராது.

9-வது வாரம்

பின்முடி 2–2.5 செ.மீ. வளர்ந்திருக்கும். இப்போதுதான் ஃப்ரிஞ்ச் தொப்பி மாதிரித் தனியாகத் துருத்தும். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று மெலிக்கும் கத்தரியை எடுக்காதீர்கள்! உள்ளே குட்டையாகும் முடிகள் சில வாரத்தில் மேல்முடியைக் குத்தி நிமிர்த்தும். ஓரங்களைச் சரிவாக்கினால் போதும். முக்கோண முடி முழுவதையும் மூக்கு நுனிக்கு நேராக நடுவில் கூட்டிப் பிடித்து நுனியை மட்டும் எடுத்தால், தூரத்திலிருந்து வரும் ஓர முடி விட்டதும் தானாக நீளமாக விழும். அது கன்னத்துக்கு இறங்கி, வளரும் முடியோடு கலந்துவிடும்.

பின்முடி நுனியைப் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை செ.மீ. எடுத்தால் போதும்.

எண்ணெயும் வியர்வையும்

தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் முக்கோணத்தை விட்டுவிட வேண்டும். நெற்றியில் படியும் எண்ணெய் பருவில் கொண்டுபோய் விடும். வெயில் காலத்தில் தினமும் தலைக்குக் குளிக்கத் தேவையில்லை. மீதியைக் கட்டிவிட்டு, பட்டாணி அளவு ஷாம்பூவில் ஃப்ரிஞ்சை மட்டும் வாஷ்பேசினில் அலசினால் ஆயிற்று. அலசியதும் உடனே உலர்த்த வேண்டும், தானாகக் காய விட்டால் சுழி சொன்னபடிதான் நிற்கும். டிரையர் காற்று மேலிருந்து கீழாக வர, தட்டைச் சீப்பால் முதலில் முழுக்க இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் சீவினால் நடுவில் படியும். உருளைச் சீப்பு, சுருட்டிவிட்ட பாய் மாதிரி நிறுத்திவிடும்.

24-வது வாரம்

வெட்டிய நுனி போகப் பின்முடி மொத்தம் 4.5–6 செ.மீ. கூடியிருக்கும். முக்கோணத்தை மறுபடி அளந்ததில் மூலைக்கு மூலை அரை செ.மீ. அகன்றிருந்தால், கூடுதல் முடியை இனி வெட்டாமல் ஒதுக்கிப் பாபி பின் குத்த வேண்டியதுதான். புருவத்திலிருந்து அது கன்ன எலும்புக்கு இறங்க நாலைந்து மாதம் பிடிக்கும்.