எம் என்கிற ஒற்றை எழுத்தும் யாரோ வாங்கிய பைக் கடனும்

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கவுன்சிலிங் தொடங்கும் முன்பே கல்விக் கடன் பற்றி விசாரித்து வைக்கலாம் என்று 2024 ஜூன் மாதம் ஈரோட்டில் என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். பெற்றோரில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கடன் அது. மேலாளர் என் பான் எண்ணைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சார், பரமக்குடியில ஒரு பைக் லோன் எடுத்து அப்படியே விட்டுட்டீங்களா?” என்றார்.

பரமக்குடிக்கு அதுவரை நான் போனதே இல்லை.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும், 300-இலிருந்து 900 வரை போகும் கடன் ஸ்கோரில் எனக்கு 561. வாங்கிய ஒரே வீட்டுக் கடனுக்கு ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி உடனே எதுவும் கேட்கவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, “ஏங்க, எனக்குத் தெரியாம யாருக்காவது ஜாமீன் போட்டீங்களா?” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வங்கிக் கணினி சொல்வதை யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் தூங்காமல் கிடந்த இரவுகளில் அதுவும் ஒன்று.

ஊரில் எல்லோரும் சிபில் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் இப்படிக் கடன் தகவல் வைத்திருக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி நான்குமே வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. நான்கையும் எடுத்து அச்சிட்டு, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, மகளும் நானும் வரி வரியாகப் படித்தோம்.

இரண்டு சுத்தமாக இருந்தன. மற்ற இரண்டில் அந்த 2016 பைக் கடன் இருந்தது. நிலுவை 38,400 ரூபாய், நிலை ‘ரிட்டன் ஆஃப்’, அதாவது இனி வராது என்று கணக்கில் தள்ளிவிட்ட கடன். ஆனால் என் கண்ணில் பட்டது கடன் விவரம் அல்ல. முதல் பக்கத்தில் அடையாள விவரங்கள் என்று ஒரு பகுதி இருக்கும், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் என் பான் எண்ணுக்குக் கீழே எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாக்காளர் அட்டை எண், பரமக்குடி முகவரி ஒன்று, யாருடையது என்றே தெரியாத செல்பேசி எண் ஒன்று. அப்போதுதான் புரிந்தது: யாரும் என் பெயரில் திருட்டுத்தனமாகக் கடன் வாங்கவில்லை. இன்னொரு மனிதரையும் என்னையும் சேர்த்து ஒரே ஆளாக்கியிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பெயர் தெருவுக்கு இருவர் வைத்திருக்கும் பெயர், இனிஷியல் எம். அந்த ஒரு எழுத்துக்குள் மாணிக்கமும் அடங்கும், முருகேசனும் அடங்கும், முத்துசாமியும் அடங்கும். பிறந்த தேதியோ ஜூன் 1. என் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழில் மே கடைசி, ஜூன் முதல் என்று இருக்கிறது பாருங்கள். ஐந்து வயது முடிந்த கணக்கு வருவதற்காகப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, தேதியும் வருடமும் ஒன்று. அதற்கு மேல் ஒப்பிட்டுப் பார்க்கச் சிரத்தை இல்லாத கணினிக்கு நாங்கள் இருவரும் ஒருவர்தான்.

ஜூன் 18 அன்று அந்த இரண்டு நிறுவனங்களின் தளங்களிலும் ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்று முறையீடு பதிந்தேன். ஜூலை 11-க்குள் இரண்டும் முடிக்கப்பட்டன. கடன் கொடுத்த நிறுவனம் விவரங்கள் சரியென்று உறுதி செய்துவிட்டதாம், அதனால் மாற்றம் இல்லையாம்.

இந்த இடத்தில்தான் பலரும் மனம் தளர்ந்து தவறு செய்கிறார்கள். நானும் செய்திருப்பேன். தெரிந்த ஒருவர், “38,000 தானே, கட்டித் தொலைச்சுட்டு வேலையப் பாருங்க” என்றார். கட்டியிருந்தால் கடன் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், தவறிய கடன் என்ற கறை அதன் பிறகும் ரிப்போர்ட்டில் நிற்கும். இன்னொருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்றார். அவரால் எதுவும் செய்ய முடியாது. கடன் தகவல் நிறுவனமே தன்னிச்சையாக ஒரு வரியையும் மாற்றாது, கடன் கொடுத்தவர் சொன்னால்தான் மாற்றும்.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் முறையீடு ஏன் தோற்றது என்று பிடிபட்டது. நான் ‘கணக்கு என்னுடையதல்ல’ என்றேன். அவர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து, தொகை சரி, தேதி சரி என்று பதில் அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்கிய ஆள் யார் என்று யாரும் பார்க்கவில்லை. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும், கேட்கும் இடத்தையும் மாற்ற வேண்டும்.

இரவு பஸ்ஸில் மதுரை போய், அங்கிருந்து பரமக்குடி சேர்ந்தேன். ஜூலை 15, திங்கட்கிழமை. கையில் ஒரு கோப்பு. பான் அட்டை நகல்: பானில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஆதார், என் வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், 2016-இல் ஈரோட்டில்தான் வேலையில் இருந்தேன் என்று காட்டும் பி.எஃப். பாஸ்புக். அதோடு ஒரு பக்கக் கடிதம். அதில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தக் கடன்தாரர் கொடுத்த கே.ஒய்.சி. என்கிற அடையாள, முகவரி ஆவணங்களையும் புகைப்படத்தையும் என் ஆவணங்களோடு ஒப்பிட்டு, இருவரும் ஒருவரா இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் பரமக்குடிக் கிளையில் இருந்த இளைஞர் முதலில், “ஹெட் ஆபீஸ்ல பேசுங்க சார்” என்றார். நான் நகரவில்லை. மகள் படிப்பு விஷயம் என்று சொன்னேன், கோபமில்லாமல்தான் சொன்னேன். மதியத்துக்கு மேல் பழைய கோப்பைத் தேடி எடுத்து வந்தார். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “இவரு வேற சார்” என்றார். அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. படத்தை என்னிடம் காட்டவில்லை. அது சரிதான், அவரும் ஒரு வாடிக்கையாளர். ஆனால் அந்தக் கடனுக்குப் பான் எண்ணே வாங்கவில்லை, வாக்காளர் அட்டையும், பான் இல்லாதவர்கள் எழுதிக் கொடுக்கும் படிவம் 60-உம் தான் இருக்கின்றன என்று சொன்னார். கடிதத்தின் நகலில் முத்திரை போட்டுத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே ஸ்கேன் செய்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் இரண்டு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன்.

முத்திரையும் தேதியும் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 2024 ஏப்ரல் 26 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. முறையீடு கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பவில்லை என்றால் அவர் தருவார். அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அது தரும். தொகை சிறியதுதான், ஆனால் நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்தால்தான் கோப்பு நகரும்.

ஆகஸ்டு 14-உடன் 30 நாள் முடிந்தது, பதில் இல்லை. 16-ஆம் தேதி ஒரு கடிதம் அனுப்பினேன்: இழப்பீட்டு விதியைக் குறிப்பிட்டு, அடுத்து ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று. 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. வங்கியிடமோ நிறுவனத்திடமோ முறையிட்டு 30 நாள் ஆன பிறகு கட்டணமில்லாமல் அங்கே புகார் தரலாம், 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதற்கிடையில் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கவில்லை. மனைவி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். நகைக் கடனுக்கு என் ஸ்கோர் தடையாகவில்லை. அடகுச் சீட்டை வாங்கும்போது, “ஜாமீன் போட்டீங்களான்னு கேட்டதை மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள்.

செப்டம்பர் 2 அன்று இரண்டு ரிப்போர்ட்டிலிருந்தும் அந்தக் கணக்கு நீக்கப்பட்டது. அந்த வாரமே 19 நாளுக்கான இழப்பீடு 1,900 ரூபாய் கணக்கில் வந்தது. ஸ்கோர் 774. அக்டோபரில் கல்விக் கடன் அனுமதியானது, வளையல்களை மீட்டோம்.

அந்தப் பரமக்குடிக்காரரை அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். ஏன் கட்ட முடியாமல் போனதோ. என் வீட்டுக் கடன் அவர் ரிப்போர்ட்டில் ஏறி அவரும் எங்காவது பதில் சொல்லத் திணறியிருக்கிறாரோ என்னவோ.

புது வருடம் பிறந்ததும் நான்கு ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்தேன். வங்கிக் கணக்கில் இனிஷியலை விரித்து எழுதவும் மனு கொடுத்திருக்கிறேன். மூன்று ரிப்போர்ட் சுத்தமாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அந்தப் பரமக்குடி முகவரி இன்னும் போகவில்லை. நேற்று அதற்கும் முறையீடு போட்டு, தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.