புது வடிகால்

காலை மழையில் எங்கள் தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர். தூய்மைப் பணியாளர் ஒருவர் நடைபாதை ஓரத்துத் துளையை இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார்.

பால் கவர், தேங்காய் நார், காய்ந்த சிமெண்ட் கலவை. எல்லாம் வெளியே வந்ததும் தண்ணீர் சுழித்து இறங்கியது.

அந்த வடிகால் புதிதுதான்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னை இதற்கு நிறையவே செலவழிக்கிறது. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. தேவையான செலவு, சந்தேகமே இல்லை.

ஆனால் தூர்வாரும் கைகளுக்கு என்ன ஒதுக்குகிறோம்? அந்த அண்ணனுக்குக் கையுறைகூட இல்லை.

அப்புறம், வடிகால் தண்ணீரை நகர்த்தத்தான் செய்யும். வாங்கிக்கொள்ள ஏரியும் சதுப்பு நிலமும் வேண்டும். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் ஓரங்களில் கட்டடம் எழாமல் காப்பதையும் வெள்ளத் தடுப்புச் செலவாகவே பட்ஜெட்டில் எழுதட்டும்.