பிராட்வேயின் பகல் ஷிஃப்ட்

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் போய்வந்தவர்கள் எல்லோரும் அங்குள்ள பிராட்வே தெருவின் இரவைப் பற்றித்தான் சொல்வார்கள். நியான் விளக்குகள், மொட்டை மாடிகளில் நெரிசல், பெடல் வண்டியை மிதித்தபடி பீர் குடித்துக்கொண்டு ஊர்வலம் போகும் மணப்பெண்ணும் தோழிகளும். என்னைக் கேட்டால், அந்தத் தெருவின் இசையைக் கேட்க வேண்டிய நேரம் காலை பதினொரு மணி. அதுவும் வேலை நாளில்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். மற்றவர்கள் மாலை ஆறு மணிக்குத் தேடுகிற ஆசுவாசத்தை நான் காலையில் தேடுகிறேன். "பட்டப்பகலிலா குடிக்கிறாய்?" என்று மதுரையிலிருந்து சித்தி போனில் பதறினார். இரவெல்லாம் ரத்த மாதிரிகளோடு இருந்துவிட்டு வருபவளுக்கு அதுதான் சாயங்காலம், சித்தி. காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன். சாப்பாட்டோடு இரண்டு பீர், அதற்கு மேல் இல்லை. இரண்டாவதை முடிப்பதற்குள் ஒரு இசைக்குழுவின் ஷிஃப்டே முடிந்துவிடும்.

ஆம், அவர்களுக்கும் ஷிஃப்ட்தான். பொதுவாகக் காலை பத்து மணியளவில் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை, நான்கு நான்கு மணி நேரமாக, குழு மாற்றிக் குழு வாசிக்கிறது. நடுவில் ஓய்வு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணமும் கிடையாது. 'ஹாங்கி டாங்க்' என்று அழைக்கப்படும் இந்த பார்களில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், மேடை பெரும்பாலும் தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டியே இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தெருவின் பின்புறம், சந்துக்கு அப்பால் இருப்பது ரைமன் அரங்கம். தாமஸ் ரைமன் என்ற படகு முதலாளி மதக் கூட்டங்களுக்காக எழுப்பி, 1892-ல் திறந்த செங்கல் கட்டடம். 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அந்தச் சந்தில் பின்கதவு கொண்ட ஒரு சிறிய பாரை 1960-ல் டூட்சி பெஸ் என்ற பெண்மணி வாங்கினார். ஊதா வண்ணச் சுவரோடு இன்றும் நிற்கும் 'டூட்சிஸ் ஆர்க்கிட் லவுஞ்ச்' அதுதான். ஆப்ரி பாடகர்கள் தங்கள் முறைக்கு இடையில் பின்கதவு வழியாக வந்து ஒரு மிடறு குடித்துவிட்டுப் போவார்களாம். பின்னால் கன்ட்ரி இசையில் பெரும் பெயர் எடுத்த வில்லி நெல்சனும் கிறிஸ் கிறிஸ்டஃபர்சனும் அதற்கு முன் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். காசில்லாத பாடலாசிரியர்களின் கடன் சீட்டுகளை டூட்சி ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார் என்று சொல்வார்கள். அவர் மீது எனக்குத் தனி மரியாதை.

1974-ல் ஆப்ரி ஊருக்கு வெளியே போனதும் தெரு சரிந்தது. அது மீண்டும் எழுந்தது 1990-களில். அதில் 'ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு'க்குப் பெரிய பங்குண்டு. கௌபாய் பூட்ஸ் விற்ற கடை பாராக மாறிய இடம் அது. சுவர் நெடுக பூட்ஸ் ஜோடிகள் இன்னும் அடுக்கில் இருக்கின்றன. பிஆர்5-49 என்ற குழு டிப்ஸுக்காக இங்கே வாசித்துத்தான் பெயர் பெற்றது. இப்போதைய உரிமையாளர் ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் பிரேசிலில் பிறந்தவர். பழைய கன்ட்ரி பாணி கெடாமல் அவர் அந்த இடத்தைக் காத்துவருகிறார். எங்கிருந்தோ வந்த ஒருவர் இந்த மண்ணின் இசைக்குக் காவலாக இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. என் வழக்கமான இடமும் அதுதான். பொரித்த போலோனா (இறைச்சித் துண்டு) சாண்ட்விச், சிப்ஸ், இதே மாநிலத்துச் சட்டனூகா நகரில் 1917 முதல் தயாராகும் மூன் பை என்ற இனிப்பு, ஒரு பாப்ஸ்ட் பீர். எல்லாம் சேர்த்து ஒரே சலுகை விலை. போலோனா ஓரத்தில் கருகியிருக்க வேண்டும், அப்போதுதான் ருசி.

ஆனால் நான் போவது விரல்களைப் பார்க்க. மேடைக்கு எதிரே முதல் மேசையில் உட்கார்ந்தால் தெரியும், இவர்களிடம் எழுதிவைத்த இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. யாரோ ஒரு பழைய பாட்டைக் கேட்கிறார். பாடகர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் மூன்று விரலை மேல்நோக்கி நீட்டுகிறார். மூன்று ஷார்ப் (அரைப்படி ஏற்றிய ஸ்வரம்) உள்ள ஏ சுருதி என்று பொருள். ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினால் ஒரு ஃப்ளாட் (அரைப்படி இறக்கிய ஸ்வரம்) உள்ள எஃப். நான்கு எண்ணுவதற்குள் எல்லோரும் அந்தச் சுருதியில் நிற்கிறார்கள்.

பாட்டுக்குள்ளும் எண்கள்தான். சுருதியின் முதல் ஸ்வரத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுதிக்கும்) ஒரு எண். ஜி சுருதியில் 1, 4, 5 என்றால் ஜி, சி, டி. பாடுபவரின் குரலுக்காக ஈ சுருதிக்கு இறக்கினால் அதே 1, 4, 5 இப்போது ஈ, ஏ, பி. ஆதார ஷட்ஜம் எங்கே மாறினாலும் நம் ஸ்வரங்களின் பெயர் மாறாததைப் போல. ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950-களின் இறுதியில் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொடங்கிய முறை இது. சார்லி மெக்காய் போன்ற கலைஞர்கள் அதைப் பரப்பினார்கள். முன்பின் சேர்ந்து வாசிக்காத ஐந்து பேர் காலையில் ஒரே மேடையில் ஏறி நான்கு மணி நேரம் தடுமாறாமல் வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசை போலக் கால்களில் நிற்கும் பெடல் ஸ்டீல் கிதாரையும் பகலில்தான் முழுதாகப் பார்க்க முடியும். பத்துத் தந்திகளின் மேல் இடது கையின் உலோகத் துண்டு வழுக்குகிறது, வலது கை மீட்டுகிறது, கால் பெடலை அழுத்துகிறது. கிதாருக்கு அடியில் முழங்கால்கள் இருபுறமும் நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. அந்த அழுகை போன்ற ஒலி முழங்காலிலிருந்தும் வருகிறது என்பது இரவுக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது.

பார் கொடுக்கும் அடிப்படைத் தொகை சிறியது. மீதி வருமானம் டிப்ஸ் வாளியிலிருந்துதான். குழு ஒரு வாத்திய இசையை நீட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பிளாஸ்டிக் வாளியோடு மேசை மேசையாக வருவார். கூட்டம் குறைந்த பகலில் வாளியும் லேசாகவே இருக்கும். அதனால்தான், விருப்பப் பாட்டு கேட்டு வீடியோ எடுத்துவிட்டு, வாளி நெருங்கும்போது எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் பல ஆண்டு சாதகம் இருக்கிறது. நட்சத்திரப் பாடகர்களின் பெயர் தாங்கிய பல மாடி பார்கள் இப்போது தெருவை நிறைத்துவிட்டன. அங்கேயும் நல்ல வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு மாடியின் ஓசை அடுத்த மாடியில் இடிக்கிறது. நான் அங்கே போவதில்லை.

குழந்தைகளோடு வருகிற நண்பர்களையும் தயங்காமல் அழைத்துப் போகிறேன். ராபர்ட்ஸில் மாலை ஆறு மணிவரை எல்லா வயதினருக்கும் அனுமதி உண்டு. ஞாயிறு காலையில் அங்கே தேவாலயப் பாடல்களும் பாடுகிறார்கள். வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஐந்து டாலர் நோட்டுகளாகச் சில்லறை மாற்றி வையுங்கள். ஸ்டீல் கிதார்காரர் பக்கம் நாற்காலி பிடிப்பது என் பொறுப்பு.