எட்டு மணிக் கொடி

துறைமுகத்தில் நிற்கும் இந்தியப் போர்க்கப்பலில் காலை 8 மணிக்குக் கொடி ஏறும். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு நிமிடச் சடங்கு. கப்பலில் இருப்பவர்களுக்கு அது வேலை, பிசகினால் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடுகிற வேலை.

சிக்னல்காரர் அப்போது தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. துறைமுகத்தில் இருப்பவர்களில் மூத்த அதிகாரியின் கப்பலைப் பார்க்கிறார். அங்கே 7.55க்கு ‘தயாராகுங்கள்’ என்று சொல்லும் ‘ப்ரெப்’ சிக்னல் கொடி ஏறும், மற்றக் கப்பல்களும் தத்தம் கம்பத்தில் ஏற்றும். அது இறங்கும் நொடிதான் எட்டு மணி. நம் கடிகாரம் இருபது நொடி முந்தியோ பிந்தியோ காட்டினால் அது நம் பாடு.

ஏறுவது இரண்டு கொடி. முன்முனைக் கம்பத்தில் ‘ஜாக்’, அதாவது தேசியக் கொடி. பின்தளத்தில் கடற்படைக் கொடி. ஐ.என்.எஸ். சென்னை போன்ற நாசகாரிக் கப்பலின் நீளம் 163 மீட்டர். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பியூகிள் ஊதுகொம்போ பைப் என்ற விசிலோ காதில் விழுவதை வைத்துத்தான் இருவரும் ஒரே சமயத்தில் கயிற்றை இழுக்கிறார்கள்.

பெரும்பாலான தவறுகள் கயிறு தொடும் முன்பே நடந்துவிடுகின்றன. மேல் கிளிப்பைக் கீழேயும் கீழ் கிளிப்பைக் கம்பத்தின் உச்சிக்குப் போகும் பக்கத்திலும் மாட்டினால் கொடி தலைகீழாகும். கடலில் தலைகீழ்க் கொடிக்கு ‘ஆபத்து, உதவி தேவை’ என்று பொருள் கொள்வது பழைய வழக்கம். ஆகவே இது வெறும் மானப்பிரச்சினை அல்ல. இரவுக் காற்றில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தால் பாதியில் கப்பியில் சிக்கும். விளிம்பைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டால் துணி கம்பத்தைச் சுற்றிக்கொள்ளும். இன்னொன்று வேகம்: கொடி ஏறும்போது தேசிய கீதம் இசைத்தால் அது முழுதாக 52 நொடி. பதற்றத்தில் பத்து நொடியில் உச்சிக்கு ஏற்றிவிட்டு மீதி நேரம் கயிற்றைப் பிடித்தபடி விறைத்து நிற்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்தப் பின்தளக் கொடியிலேயே இந்தப் படையின் வரலாறு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் 1612இல் சூரத்துக்கு வந்ததிலிருந்து தன் தொடக்கத்தை எண்ணும் படை இது. 1934இல் ராயல் இந்தியன் நேவி, 1950 ஜனவரி 26 முதல் இந்தியக் கடற்படை. இடையில் 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ என்ற சிக்னல் பயிற்சித் தளத்தில் உணவும் நடத்தப்பட்ட விதமும் பொறுக்காமல் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கலகம் கப்பல்களுக்குப் பரவியபோது பிரிட்டிஷ் கொடியை இறக்கி காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளை ஏற்றினார்கள். எந்தக் கொடி எதைச் சொல்லும் என்பது சிக்னல்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

1950இல் மூலையில் மூவர்ணம் வந்தது, ஆங்கிலேயர் கொடியின் சிவப்புச் சிலுவையான செயின்ட் ஜார்ஜ் சிலுவை தங்கிவிட்டது. 2001இல் அதை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியில் நீலநிறக் கடற்படைச் சின்னம் வைத்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீலம் வானத்தோடும் கடலோடும் கலந்து கொடி சரியாகத் தெரியவில்லை என்று புகார் வந்தது. 2004இல் சிலுவை திரும்பியது, நடுவில் அசோகச் சின்னத்தோடு. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் படையில் சேர்ந்த நாளில்தான் இப்போதைய கொடி வந்தது: மூவர்ணம், பொன் விளிம்பு கட்டிய கருநீல எண்கோணம், உள்ளே தேசியச் சின்னமும் நங்கூரமும். எண்கோணம் சிவாஜியின் முத்திரையிலிருந்து எடுத்தது. தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவதுதான் கப்பற்கொடியின் முதல் வேலை. வரைபவரின் மேசையில் அழகாக இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

கொடியில் உள்ள ‘சம் நோ வருணஹ’ என்ற வாசகத்தைப் பரிந்துரைத்தவர் ராஜாஜி. வருணன் எங்களுக்கு நலம் தரட்டும் என்று பொருள். நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக வைத்த மரபில் வந்தவருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை.

பைப் என்பது கைக்குள் அடங்கும் விசில். வளைந்த குழல், அதன் நுனியில் துளையுள்ள உருண்டை, பிடிக்க ஒரு தகடு, சங்கிலி மாட்ட ஒரு வளையம். உருண்டை உள்ளங்கையில் சாய்ந்திருக்க வேண்டும். விரல்களை விரித்தால் தாழ்ந்த ஒலி, மூடினால் உச்ச ஒலி. துளையின் விளிம்பிலோ குழல் வாயிலோ விரல் பட்டால் ஒலியே செத்துவிடும். பளபளப்புக்காகத் தேய்த்த பாலிஷ் துளைக்குள் காய்ந்து கிடப்பதும், கீழே விழுந்து குழல் சற்று வளைந்து காற்று துளையின் விளிம்பை வெட்டாமல் போவதும் வழக்கமான கோளாறுகள். இன்று அதிகாரி படியேறி வரும்போது ஊதும் மரியாதை பைப், ஒரு காலத்தில் அவரை நாற்காலியில் கட்டிக் கயிற்றால் தூக்கியவர்களுக்கு ‘இழு, நிறுத்து’ என்று சொன்ன வேலைக்கட்டளை.

கப்பலின் காவல்முறையும் அப்படி வேலையிலிருந்து வந்ததுதான். இரு பிரிவினர் மாறி மாறி நிற்க நான்கு மணி நேர வாட்ச் ஆறு வைத்தால் ஒரு நாள் சரியாக நிரம்பும், ஆனால் நேற்று நள்ளிரவில் நின்றவரே தினமும் நள்ளிரவில் நிற்பார். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டிரண்டு மணி நேர ‘டாக் வாட்ச்’ ஆகப் பிளந்து ஏழாக்கினார்கள். ஒற்றைப்படை ஆனதும் முறை தானாக நகர்கிறது, இரு பிரிவுக்கும் சாப்பிட நேரமும் கிடைக்கிறது. நம் எட்டுச் சாமத்தை இரண்டு குழுக்கள் பங்கிட்டாலும் அதே நடுச்சாமச் சிக்கல்தான் வரும்.

கப்பல் ஓய்வுபெறும் நாளில் சூரியன் மறையும்போது கொடி கடைசியாக இறங்கும். படையில் சேர்ந்த நாள்முதல் மாஸ்ட் உச்சியில் பறந்த நீண்ட பென்னன்ட்டும் கூடவே இறங்கும். பெயர் மட்டும் இறங்குவதில்லை. 1971 டிசம்பர் 9 அன்று 18 அதிகாரிகளோடும் 176 மாலுமிகளோடும் குக்ரி என்ற போர்க்கப்பல் மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. மூழ்கிய கப்பலின் பெயர் ராசியில்லை என்று யாரும் ஒதுக்கவில்லை, 1989இல் அடுத்த குக்ரி வந்தது. 1997இல் ஓய்வுபெற்ற பழைய விக்ராந்தின் எண் ஆர்11. புதிய விக்ராந்தின் பக்கவாட்டிலும் அதையே எழுதியிருக்கிறார்கள்.