பெரியவர் கடைசியில் பேசட்டும்

வளைகுடா நாடொன்றில் விமானங்களின் பறப்புத் திட்டம் தயாரிக்கும் பிரிவில் வேலை செய்தேன். புறப்படுமுன் கப்டன்மார் எங்கள் மேசைக்கு வருவார்கள். காலநிலை, எரிபொருள், மாற்று விமான நிலையம் எல்லாம் பார்த்துப் பலர் கையெழுத்திட்டுப் போய்விடுவார்கள். தலை நரைத்த சிலர் மட்டும், எரிபொருள் போதுமா என்று துணை விமானியிடம் முதலில் கேட்பார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை தங்கள் எண்ணத்தை முகத்தில்கூடக் காட்டமாட்டார்கள். அனுபவசாலி ஒன்றைச் சொல்லிவிட்டால் இளையவர் அதற்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பல உயிர்கள் இருக்கின்றன. 1977 மார்ச் 27இல் ஸ்பெயினின் தெனரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பறப்புப் பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் உறுதியாகச் சொன்னதும் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. அடுத்த வருடம் அமெரிக்காவின் போர்ட்லண்டில், சில்லுக் கோளாறிலேயே கப்டனின் கவனம் நிற்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று சக ஊழியர்கள் சொன்னார்கள்தான், அழுத்திச் சொல்லவில்லை.

நான் அதிகம் மதிப்பது அமெரிக்கக் கப்டன் அல் ஹெய்ன்ஸை. 1989இல் அவருடைய டிசி-10 விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ரோலிக் முழுவதும் செயலிழந்தபோது, பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரை அழைத்து எஞ்சின் விசையை அவர் கையிலேயே கொடுத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்த நேரத்திலும் அடுத்தவர் கையை நம்ப முடிந்ததே, அதுதான் தலைமை.

இப்போது திருகோணமலையில், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கடலைப் பற்றி வயதில் குறைந்த உதவியாளிடம்தான் முதலில் கேட்பேன். மூத்த ஓட்டி ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "பொடியனிட்ட என்னத்தைக் கேக்கிறியள் தம்பி?" என்றார். அவர் கடலில் கழித்த காலத்துக்கு நான் ஈடில்லை, அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. தெனரீஃப் கதையை இருத்திவைத்துச் சொன்னேன். பேசாமல் கேட்டார்.

பிறகொரு நாள் அந்தப் பொடியனே, "அண்ணை, கச்சான் காத்து எழும்புது, பின்னேரம் திரும்பேக்க கஷ்டம்" என்றான். கடைசிப் பயணத்தை நிறுத்தினோம். நிறுத்தச் சொன்னவர் அந்த மூத்தவர்தான்.

ஆனாலும் பொடியன்கள் பேசுமுன் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் காலைப் பேச்சு முடியும்வரை அவரை எஞ்சின் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டுவிட்டார்.