வாமி பாரைத் தொட்டாலும் ட்யூனிங் நிக்கணும் – என் ஸ்ட்ராட்டை சரி பண்ணின அனுபவம்

ஸ்ட்ராட், அதாவது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் வச்சிருக்கறவங்கள்ல பாதிப்பேர் வாமி பாரை (அமுக்கி இழுத்து சுருதியை இறக்கி ஏத்தற கம்பி) கழட்டி கேஸ் பாக்கெட்ல போட்டுட்டு அதோட மறந்துடறாங்க. ஏன்னு கேட்டா தொட்டா ட்யூனிங் போயிடுதுன்னு சொல்வாங்க. எனக்கும் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் ஒரே அட்வைஸ்தான் வந்துச்சு, பின்னாடி ஒரு மரக்கட்டையை சொருகி பிரிட்ஜை (ஸ்ட்ரிங் மாட்டியிருக்கற, பாரோட சேர்ந்து ஆடற தகடு) அசையாம பண்ணிடு, அஞ்சு ஸ்பிரிங்கையும் மாட்டிடு, பெரிய கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனே அப்படித்தான வச்சிருக்கார்னு. உண்மைதான், ஆனா அவருக்கு பார் தேவைப்படல, எனக்கு வேணும். கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் அந்த பாரை வச்சு ஒரு மெலடியைப் பாட வைக்கிறதக் கேட்டிருந்தா, அதுவும் கமகம் கேட்டே வளர்ந்த காதா இருந்தா, அத விட்டுட மனசே வராது.

என்னோடது பழைய மாடல் ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜ், 1954ல ஸ்ட்ராட் வந்தப்போ லியோ ஃபெண்டர் போட்ட அதே அமைப்பு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 10-46 ஸ்ட்ரிங் (மெல்லிசு கம்பிலேர்ந்து தடிச்ச கம்பி வரைக்கும், அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல), மூணு ஸ்பிரிங். வாசிக்கிறது சர்ச்ல, பக்கத்துலயே கீபோர்டு. கீபோர்டு எப்பவும் ஒரே இடத்துல நிக்கும், அதனால நம்ம கிட்டார் கொஞ்சம் நகர்ந்தாலும் உடனே காதுல குத்தும்.

சரி பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் முதல்ல புரிஞ்சுக்கிட்டது இதுதான்: முன்னாடி ஆறு ஸ்ட்ரிங் சேர்ந்து கிட்டத்தட்ட 46 கிலோ இழுக்குது, அந்த இழுப்பை பின்னாடி ஸ்பிரிங் தாங்கி நிக்குது, தராசு மாதிரி. தராசு ஆடி முடிச்சு பழைய இடத்துக்கே வரணும்னா நடுவுல எங்கயும் பிடிக்கக் கூடாது. ட்யூனிங் போகுதுன்னா எங்கயோ பிடிக்குதுன்னு அர்த்தம், ட்யூனிங் கீ மேல பழி போட்டு ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடிக்கிற புது லாக்கிங் கீ செட்டுக்கு காசு கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க பிடிக்குதுன்னு பாக்கணும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு, இத எல்லாரும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க. கிட்டாரை நல்லா ட்யூன் பண்ணிட்டு பாரை கீழ அமுக்கி மெதுவா விடுங்க, ட்யூனர்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா பாருங்க. ஒரு ஸ்ட்ரிங் ரெண்டு ஸ்ட்ரிங் மட்டும் ஷார்ப்பா (சுருதி ஏறி) வந்திருந்தா பிரச்சினை நட்ல, அதாவது கிட்டார் கழுத்து முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற காடி வெட்டின பட்டைல. ஏன்னா பாரை அமுக்கும்போது ஸ்ட்ரிங் தளர்ந்து நட்டுக்கு அந்தப் பக்கம் ட்யூனிங் கீ இருக்கற ஹெட்ஸ்டாக் பக்கமா கொஞ்சம் போகும், விடும்போது திரும்பி வரணும், வர வழியில நட் பிடிச்சுக்கிட்டா இந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தியாயிடும். இதே ஸ்ட்ரிங் பெரிய பெண்டுக்கு (விரலால பக்கவாட்டுல இழுத்து வாசிக்கிறது) அப்புறம் ஃப்ளாட்டா (சுருதி இறங்கி) நிக்கும், அதுவும் அதே காரணம்தான், திசை மட்டும் வேற. அப்படி இல்லாம ஆறு ஸ்ட்ரிங்கும் மொத்தமா ஃப்ளாட் ஆகி நின்னா, பாரை மேல இழுத்து விட்டா மொத்தமா ஷார்ப் ஆகி நின்னா, பிரிட்ஜே முழுசா திரும்பி வரல, ஸ்க்ரூ பக்கம் பாருங்க.

எனக்கு ரெண்டுமே இருந்துச்சு.

நட்ல ஜி ஸ்ட்ரிங்கும் டி ஸ்ட்ரிங்கும் பிடிச்சது. ட்யூன் பண்ணும்போதே டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், கீயைத் திருப்புவோம், ஊசி நகராது, திடீர்னு குதிக்கும், அதுதான் அடையாளம். நட் 9-42 செட்டுக்கு வெட்டினது, நான் போட்டிருக்கறது 10. டி ஸ்ட்ரிங் .024லேர்ந்து .026 ஆகுது, பாக்க ஒண்ணுமே இல்லாத வித்தியாசம், ஆனா அது சுத்தின கம்பி, மேல வரிவரியா இருக்கும், அந்த வரி ஒவ்வொண்ணும் காடியோட ரெண்டு பக்க சுவத்துலயும் மாட்டும். 600 நம்பர் உப்புத்தாளை மடிச்சு பக்கச் சுவரை மட்டும் லேசா தேய்ச்சேன், அடியைத் தொடவே கூடாது, அடி இறங்கிட்டா ஓப்பன் ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல அடிச்சு இரையும், அப்புறம் நட்டையே மாத்தணும். நாலு தேய், ஸ்ட்ரிங்கை வச்சுப் பாரு, மறுபடி நாலு தேய், அப்படித்தான் பொறுமையா போகணும். முடிச்சதும் 2பி பென்சிலை கூரா சீவி காடிக்குள்ள நல்லா கறுப்பாகற வரைக்கும் தேய்ச்சேன். கடையில இதுக்குன்னு டியூப்ல விக்கிற லூப்ரிகன்ட் இன்னும் நாள் தாங்கும், ஆனா பென்சிலே போதும்னுதான் நான் சொல்வேன், ஸ்ட்ரிங் மாத்தும்போதெல்லாம் மறக்காம தேய்ச்சா சரி. பி, ஈ ஸ்ட்ரிங் ரெண்டையும் அமுக்கிப் பிடிக்கிற ஸ்ட்ரிங் ட்ரீ இருக்குல்ல, அதுக்கு அடியில துளி வாசலின்.

அடுத்தது பிரிட்ஜ். ஸ்ட்ரிங் எல்லாத்தையும் தளர்த்தி, பின்பக்க கவரைக் கழட்டி, ஸ்பிரிங்கை எடுத்துட்டு ஆறு ஸ்க்ரூவையும் வெளிய எடுத்தேன். சென்னைக் காத்துல உப்பு, அதோட கையில வேர்வை, ரெண்டும் சேர்ந்து பண்ணின வேலை அங்கதான் தெரிஞ்சுது, ஸ்க்ரூ கழுத்துல பழுப்பா துரு, பிரிட்ஜ் தகடு உக்கார்ற இடத்துல வளையம் போட்ட மாதிரி ஒரு தேய்மானம். எம்ரி பேப்பர்ல துருவை எடுத்து, பல்லுகுத்துற குச்சி முனையில கிரீஸ் எடுத்து தகடு தொடற இடத்துல மட்டும் வச்சேன். திருப்பி மாட்டும்போதுதான் விஷயமே இருக்கு, ஆறையும் இறுக்கிடக்கூடாது. ஓரத்து ரெண்டு ஸ்க்ரூ தகட்டைத் தொட்டும் தொடாம நிக்கணும், இன்னும் கொஞ்சம் திருப்பினா தகடு பின்பக்கம் தூக்கும், அந்த இடத்துல நிறுத்தி ஒரு பொட்டு பின்னாடி வரணும். நடுவுல இருக்கற நாலையும் அரை சுத்து மேல விட்டுட்டேன், அது சும்மா துணைக்கு. ஸ்பிரிங் இல்லாம பிரிட்ஜை கையால ஆட்டிப் பார்த்தா உரசலே இல்லாம ஆடணும்.

ஸ்பிரிங் கொக்கி மாட்டற துளைலயும் துளி கிரீஸ், கிறீச்னு வர்ற சத்தம் அதோட நின்னுச்சு. கிளாவை (ஸ்பிரிங்கோட மறுமுனை மாட்டியிருக்கற தகடு) இறுக்கும்போது அதுல சால்டர் பண்ணின எர்த் வயர் ஒண்ணு இருக்கும், முறுக்கி பிச்சுடாதீங்க, பிஞ்சா ஹம் வரும்.

ஃப்ளோட், அதாவது பிரிட்ஜ் பாடியைத் தொடாம மிதக்கற மாதிரி செட் பண்றதுதான் நிறையப் பேருக்கு தலைவலி, ஒரு ஸ்ட்ரிங்கை ஏத்தினா மத்த அஞ்சும் இறங்கும், சுத்திச் சுத்தி ட்யூன் பண்ணிக்கிட்டே இருக்கணும். இதுக்கு நான் பண்ற வழி, பிரிட்ஜோட பின் ஓரத்துக்கு அடியில ஒரு 3 எம்எம் ஆலன் கீயை வச்சுட்டு, கிளா ஸ்க்ரூ ரெண்டையும் தேவைக்கு மேலயே இறுக்கிடுவேன், பிரிட்ஜ் ஆலன் கீ மேல அழுந்தி உக்காந்துடும். இப்ப அது நகராதுங்கறதால சாதாரண கிட்டார் மாதிரி ட்யூன் பண்ணலாம், புது ஸ்ட்ரிங்கை நல்லா இழுத்து இழுத்து விட்டு, இனிமே இறங்காதுன்னு வர வரைக்கும். அப்புறம் கிளாவை கால் கால் சுத்தா தளர்த்திக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல ஆலன் கீ தானா கழண்டு விழும். அந்த நிமிஷம் ட்யூனர்ல பார்த்தா ஆறும் சரியா இருக்கும், பாரை மேல இழுக்க 3 எம்எம் இடமும் கிடைச்சிருக்கும், ஃபெண்டர் சொல்ற கணக்கும் ஏறக்குறைய அதேதான். முதல் தடவை இது வேலை செஞ்சப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ட்யூனிங் கீல ரெண்டு மூணு சுத்துக்கு மேல வேண்டாம், சுத்து அதிகமானா பாரை ஆட்டும்போது அதுவே இறுகித் தளரும்.

இவ்ளோ பண்ணியும் போகாத ரெண்டு விஷயம் இருக்கு, அது ஃப்ளோட்டிங் பிரிட்ஜோட குணம். ஒரு ஸ்ட்ரிங்கை பெண்ட் பண்ணிட்டே பக்கத்து ஸ்ட்ரிங்கை வாசிச்சா அது ஃப்ளாட்டாதான் கேக்கும். ஸ்ட்ரிங் ஒண்ணு அறுந்தா மீதி எல்லாம் ஷார்ப் ஆயிடும், ஆராதனை நடுவுல அது நடந்தா அந்த கிட்டாரை வச்சுட்டு வேறதான் எடுக்கணும். இது ஒத்து வராதவங்க பிரிட்ஜை பாடியோட ஒட்டி உக்கார வச்சுட்டு கீழ அமுக்க மட்டும் பாரை வச்சுக்கலாம், தப்பே இல்ல.

ரெண்டு போஸ்ட் வச்ச புது மாடல் பிரிட்ஜா இருந்தா நட் வேலையும் ஆலன் கீ வழியும் அப்படியே பொருந்தும், ஆறு ஸ்க்ரூக்கு பதிலா கத்தி முனை மாதிரி இருக்கற ஓரம் போஸ்ட் காடியில உக்காரும். ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங் உயரம்) ஏத்தி இறக்கணும்னு அந்த போஸ்ட்டை ஸ்ட்ரிங் முழு இழுப்புல இருக்கும்போது திருப்பாதீங்க, முனை மழுங்கிடும், மழுங்கினா எந்த கிரீஸும் உதவாது, பிரிட்ஜ் தகட்டையே மாத்த வேண்டி வரும். தளர்த்திட்டு திருப்புங்க.